அரசர் பெயரில் ஆசாரியின் அலமாரி

பிரான்ஸ் தேசத்துப் பழைய மரச்சாமான்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே ஓர் அரசர் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வார். பதின்மூன்றாம் லூயி பாணி, பதினான்காம் லூயி பாணி, பதினைந்தாம் லூயி பாணி, பதினாறாம் லூயி பாணி என்று நாற்காலியும் மேஜையும் கட்டிலும் அலமாரியும் பட்டாபிஷேகக் கிரமப்படி வரிசையில் நிறுத்தப்படுகின்றன. பழம்பொருள் வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் 19ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டிவிட்ட இந்த வரிசையையே ஏலக்கூடங்களும் அருங்காட்சியகங்களும் இன்றும் பாராயணம் செய்துவருகின்றன. அந்த நால்வரில் அரமும் சுத்தியும் பிடித்த கை ஒன்று இருந்தது உண்மைதான். பதினாறாம் லூயி ஓய்வு வேளையில் பூட்டுச் செய்து பொழுது போக்கியவர். ஆனால் அவர் பெயரால் வழங்கும் அலமாரிகளை அவர் செய்யவுமில்லை, அவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோரின் முகத்தை அவர் பார்த்ததுமில்லை. நாற்காலிக்கும் மேஜைக்கும் இந்த ராஜவரிசை ஓரளவு பொருந்தலாம். அலமாரிக்கு அது பொருந்தாது என்பதும், பிரெஞ்சு அலமாரியின் மெய்யான சரித்திரம் நாட்டுப்புறத்துத் தச்சுப்பட்டறைகளிலேதான் நடந்தது என்பதும் என் அபிப்பிராயம்.

இதற்குச் சாட்சி சொல்ல நார்மண்டியின் கல்யாண அலமாரி ஒன்றே போதும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அந்தப் பிரதேசத்தில் கொஞ்சம் வசதியுள்ள குடியானவர் வீட்டுப் பெண் புக்ககம் போனபோது, அவளுடைய சீதனத் துணிமணிகளுக்கு இருப்பிடமாக வண்டியேறி ஊரார் பார்க்கப் பின்னோடு போன இந்த ஓக் மரத்து அலமாரி, ஆள் உயரத்துக்கும் மேலே எழுந்து நிற்பது. இரண்டு பெரிய கதவுகள் உடையது. தலைப்பாகத்தில் கனத்த விளிம்புக்கட்டு ஓடுவது. அந்த விளிம்புக்கட்டின் நடுவே, மூக்கோடு மூக்கு உரசும் ஒரு ஜோடிப் புறாக்களும், அவற்றுக்குக் கீழே மலர் நிறைந்து வழியும் ஒரு கூடையும், பக்கங்களில் காமதேவனின் அம்பறாத்தூணியும் தீவட்டியும், கோதுமைக் கதிரும் திராட்சைக் கொத்தும் ஓக் பலகையிலேயே புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். கதவின் சாவித்துவாரத்தைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கும் அதிகமாகப் பித்தளைத் தகடு, பூவேலை செய்து, மெருகேற்றிப் பதித்திருக்கும். பெண் பிறந்த அன்றே தகப்பன் ஓக் மரத்தை வெட்டிப் பக்குவத்துக்குப் போட்டுவிடுவான் என்று அங்கே சொல்வதுண்டு. எல்லா வீட்டிலும் அப்படி நடந்திருக்குமா என்பது சந்தேகமே. என்றாலும், ஆண்டுக்கணக்கில் சாவதானமாக உலர வேண்டிய மரம் ஓக் என்பதால், கதையைக் கட்டியவர் மரம் அறிந்தவர் என்று தெரிகிறது.

அலங்காரத்தைப் பார்த்து மயங்கி நின்றுவிடாமல் கதவைத் திறந்து பின்பக்கம் போய்ப் பார்ப்பவருக்கே இந்த வேலையின் அருமை புலப்படும். நெடுக்குச் சட்டத்தில் துளை பொளிந்து, குறுக்குச் சட்டத்தின் கழுந்தை அதில் செருகி, இரண்டையும் ஊடுருவ ஒரு துளையிட்டு, ஓக் சிம்பைச் சீவிய மர ஆணியை அடித்துவிட்டால் முடிந்தது. பசையும் இல்லை, இரும்பாணியும் இல்லை. சட்டங்களின் உள்விளிம்பில் காடி எடுத்து, நடுப்பலகையை அந்தக் காடிக்குள் எங்கும் ஒட்டாமல் சும்மா நிற்க விட்டிருப்பார்கள். மரம் மழைக்காலத்தில் குறுக்குவாட்டில் உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும். கட்டிப்போட்ட பலகையானால் வெடிக்கும், காடிக்குள் நிற்கும் பலகையோ தன் இஷ்டப்படி நகர்ந்து கொடுக்கும். 200 ஆண்டு கழிந்த ஓர் அலமாரியில் அந்த மர ஆணிகளின் தலை சட்டத்தின் மேல்மட்டத்தைவிட நூலளவு துருத்திக்கொண்டு நிற்பதை விரலால் தடவியே உணரலாம். சட்டம் சுருங்கியும் ஆணி தன் நீளத்தில் சுருங்காததனால் நேர்வது அது. பழையதா புதியதா என்று அறிய விரும்புகிறவர்கள் புறாக்களைப் பார்ப்பதைக் காட்டிலும் இந்த ஆணிகளைத் தடவிப் பார்ப்பது நலம்.

வேண்டும்போது மர ஆணிகளை வெளியே தட்டிவிட்டால் முழு அலமாரியும் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். தலைக்கட்டு மேலே தூக்கினால் வந்துவிடும். கதவுகள் நெடிய கீல்களிலிருந்து மேல்நோக்கி எடுத்தால் கழலும். பக்கங்கள் இரண்டும், முதுகும், அடிப்பீடமும் தனித்தனியே வண்டியில் ஏறும். பெண்ணோடு ஊர் விட்டு ஊர் போக வேண்டிய சாமான், குறுகலான கல்வீட்டு மாடிப்படிகளில் ஏற வேண்டிய சாமான், வேறு எப்படி இருக்க முடியும்?

ஆனால் ஒரு குடியானவர் வீட்டுக்கு இவ்வளவு பெரிய அலமாரி எதற்கு? உடுப்புகளைத் தொங்கவிடும் வழக்கம் அன்று அலமாரிக்குள் நுழையவில்லை. உள்ளே இருந்தவை அகலமான தட்டுகள், சில சமயம் நடுவில் ஒன்றிரண்டு இழுப்பறைகள். அந்தத் தட்டுகளில் அடுக்கடுக்காக மடித்து வைக்கப்பட்டவை படுக்கை விரிப்புகளும், மேஜைத் துணிகளும், துவாலைகளும், உள்ளுடைகளுமான சணல்நார், ஆளிநார்த் துணிகள். பெருவெளுப்பு என்பது அந்நாட்டு வீடுகளில் வாரந்தோறும் நடந்த காரியமல்ல. பெரிய தொட்டியில் துணிகளை அடுக்கி, மேலே விறகுச் சாம்பலைப் பரப்பி, வெந்நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி, பிறகு ஆற்றுத்துறைக்குக் கொண்டுபோய் அடித்துத் துவைக்கும் அந்த மகா யக்ஞம் பல நாள் நீடிக்கும். வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துவதே பல வீடுகளில் சம்பிரதாயம். ஆறு மாதம் துவைக்காமல் காலம் தள்ள வேண்டுமானால் டஜன் கணக்கில் விரிப்புகள் வேண்டும். விரிப்புகளின் எண்ணிக்கை வீட்டின் அந்தஸ்துக்கும் அளவுகோலாயிற்று. அந்த அந்தஸ்தைப் பூட்டி வைக்க ஏழெட்டு அடி ஓக் தேவைப்பட்டது. நார்மண்டி அலமாரியின் பருமனுக்குக் காரணம் ஆற்றுத்துறையே. அதில் லூயி மன்னருக்கு என்ன பங்கு?

பூர்வகதையையும் சற்றுப் பார்க்கலாம். பிரான்ஸில் எஞ்சியுள்ள மிகப் பழைய மரச்சாமான்களில் ஒன்றாகக் கருதப்படுவது கொரேஸ் பகுதியில் ஒபசீன் என்னும் மடாலயத்தில் உள்ள 12ஆம் நூற்றாண்டு ஓக் அலமாரி. பூஜைப் பாத்திரங்களையும் திருவுடைகளையும் வைப்பதற்காகத் துறவிகள் செய்வித்தது. பிரபுக்கள் அந்நாளில் கோட்டைக்குக் கோட்டை பரிவாரத்தோடு பிரயாணம் செய்துகொண்டே இருந்தவர்களாகையால் அவர்களுக்குப் பெட்டிகளே உகந்தன. ஓரிடத்தில் நிலைத்திருந்த மடாலயங்களுக்குத்தான் அலமாரி பயன்பட்டது. மறுமலர்ச்சிக் காலத்தில் பர்கண்டியின் திஜோன் நகரில் ஊக் சாம்பன் போன்ற தச்சர்களும் சிற்பிகளும் வால்நட் மரத்தில் கீழறை மேலறை என்று இரண்டு அடுக்காக அலமாரி செய்து, தூண்களுக்குப் பதிலாக மனித உருவங்களை நிறுத்தினார்கள். பிறகு தென்மேற்கே காஸ்கனியில், கதவுப் பலகையில் வைரத்தின் முனைபோல் கூர்த்தெழும் பட்டைகளை வெட்டும் வேலை பரவிற்று. இதைத்தான் பதின்மூன்றாம் லூயி பாணி என்கிறார்கள். அந்த அரசர் 1643இல் காலமான பிறகும், நெடுங்காலம் அந்தப் பட்டைகளைக் காஸ்கனித் தச்சர் வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள்.

அரண்மனை அலமாரி என்று சொல்லத் தகுந்தது ஆந்த்ரே ஷார்ல் பூல் என்பவருடைய அலமாரிதான். 1642இல் பிறந்து 1732 வரை வாழ்ந்த இந்த மகா சாமர்த்தியசாலிக்குப் பதினான்காம் லூயி 1672இல் லூவ்ர் அரண்மனையிலேயே இருப்பிடமும் பட்டறையும் கொடுத்து ராஜசன்மானம் செய்தார். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கொடியும் பூவுமான சித்திரத்தை நுண்ணிய வாளால் ஒருசேர அறுத்து, பித்தளைக் கொடியை ஆமையோட்டின் வெற்றிடத்திலும், ஆமையோட்டுக் கொடியைப் பித்தளையின் வெற்றிடத்திலும் பதித்தால், ஒரே அறுப்பில் இரண்டு அலங்காரங்கள் கிடைக்கும். ஒன்றுக்கொன்று மாறான அந்த இரண்டையும் இரண்டு அலமாரிகளில் ஒட்டி ஜோடியாக நிறுத்துவதில் இருந்த சாதுரியத்தை யாரும் மறுக்க முடியாது. பூலின் அலமாரிகளை லூவ்ரிலும் லண்டன் வாலஸ் தொகுப்பிலும் பார்க்கும்போது கண் கூசுகிறது. பாவம், அவர் ஓவியங்களும் சித்திர அச்சுகளும் வாங்கி வாங்கியே கடனாளியானவர். 1720இல் பட்டறையில் தீப்பற்றி, ஓவியர் ரூபென்ஸ் தம் கைப்பட எழுதிய குறிப்பேடு உட்பட அவர் சேகரித்த பொக்கிஷத்தில் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

ஆனால் பித்தளைக்கு ஒரு குணம், மரத்துக்கு வேறு குணம். வெப்பத்தில் விரியும் உலோகத்தை, ஈரத்தில் உப்பும் மரத்தின்மேல் பசையால் ஒட்டிவிட்டு இரண்டும் 300 வருஷம் ஒற்றுமையாகக் குடித்தனம் செய்யும் என்று எதிர்பார்த்தால், கொடியின் நுனிகள் சுருண்டு எழும்பத்தான் செய்யும். அவற்றை மறுபடி படியவைத்து ஒட்டுவதே அருங்காட்சியகப் பராமரிப்பாளர்களுக்குத் தீராத தொழிலாக இருக்கிறது. காடிக்குள் பலகையைத் தளர விட்ட நார்மண்டித் தச்சனுக்கு அந்தக் கவலை கிடையாது. பூலின் மேதையைக் குறைத்துச் சொல்ல நான் துணியவில்லை. ஓர் அலமாரி அலமாரியாக இருப்பதற்கு வேண்டிய ஞானம் இருவரில் யாரிடம் அதிகம் என்று கேட்டால் மட்டும் கிராமத்தான் பக்கமே சாய்வேன். அரசாங்க ஆடம்பரத்தின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு வேறொரு திருஷ்டாந்தமும் உண்டு. வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தை அலங்கரித்த வெள்ளி மேஜைகளையும் வெள்ளிப் பீடங்களையும் யுத்தச் செலவுக்காக 1689இல் அதே பதினான்காம் லூயிதான் உருக்கச் சொன்னார். உருகிய வெள்ளி சுமார் 20 டன்.

அதற்குப் பின் பாரிஸ் நாகரிகம் அலமாரியைக் கைவிட்டது என்றே சொல்லலாம். 1708இல் பூல் திரியனோன் மாளிகைக்குச் செய்துகொடுத்த இழுப்பறைப் பெட்டி வகை, கொமோத் என்ற பெயரில் பிரபலமாகி, பிரபுக்களின் வரவேற்பறைகளிலும் படுக்கையறைகளிலும் கொலுவேறிற்று. உயர்ந்த அலமாரி வேலைக்காரர் அறைக்கும் உட்கூடத்துக்கும் தள்ளப்பட்டது. பதினைந்தாம் லூயியின் காலத்துக்கே உரிய வளைவு நெளிவுகளும், சிப்பி வடிவங்களும், நேர்கோட்டைக் கண்டால் விலகி ஓடும் உல்லாசமும் அலமாரியில் பூரணமாக மலர்ந்தது, அந்த உல்லாசத்தைப் பற்றிக் காதால் மட்டும் கேள்வியுற்ற நாட்டுப்புறங்களில்தான். 1738இல் ஹெர்க்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயிலும் தொடங்கிய அகழ்வுகளின் விளைவாகப் பாரிஸ் புராதன ரோமாபுரியின் நேர்கோடுகளுக்குத் திரும்பிய பிறகும், நார்மண்டியும் புரொவான்ஸும் வளைவை விடவில்லை. புதுப்பாணியிலிருந்து புறாவையும் மலர்க்கூடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய வளைந்த சட்டத்தின்மேல் அவற்றைச் செதுக்கிவிட்டார்கள். பதினைந்தாம் லூயி 1774இல் மறைந்தார். பதினாறாம் லூயியின் தலை 1793இல் விழுந்தது. குடியரசு வந்தது, நெப்போலியன் வந்தார், போனார். அந்த அமளிகளுக்கெல்லாம் இடையே கிராமத்துத் தச்சன் கல்யாணத்துக்குக் கல்யாணம் அதே அலமாரியைச் செய்துகொண்டிருந்தான். அவன் 1815இல் செய்த அலமாரிக்கு எந்த லூயியின் பெயரைச் சூட்டுவது?

பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறும் அழகை வைத்துப் பெயரிட்டால் எவ்வளவோ பொருத்தமாக இருக்கும். புரொவான்ஸில் வால்நட் மரம், கோதுமைக் கட்டு, ஆலிவ் கிளை. ப்ரெஸ் நாட்டில் செந்நிறச் சட்டத்துக்கு நடுவே ஆஷ் மரத்தின் கணுவிலிருந்து அறுத்த பொன்னிறப் பலகை. லொரேனில் பலகைக்குள் பதித்த நட்சத்திரம். பிரித்தானியில் வரிவரியாகப் பித்தளைக் குமிழ்கள். மரத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

போர்தோ, நாந்து முதலிய துறைமுகங்களின் அலமாரியைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த ரசனைக்குள் ஒரு கசப்பு சேருகிறது. அவை முழுக்க முழுக்க மகாகனி மரம். பாரிஸில் அந்த மரத்தை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டிய காலத்தில், துறைமுகத்து வியாபாரிகள் கனமான பலகைகளையே தாராளமாக இழைத்துச் செய்வித்தார்கள். செதுக்கு வேலை குறைவு. மரத்தின் செம்மையே அலங்காரம். அந்த மரம் வந்தது கரீபியக் கடல் தீவுகளிலிருந்து. அந்தத் தீவுகளுக்குச் சர்க்கரைக்காகப் போய்வந்த கப்பல்களுக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கும் முதலாளிகள் அநேகமாக ஒரே குடும்பத்தாரே. பிரான்ஸின் அடிமை வியாபாரத்தில் முதலிடம் வகித்த துறைமுகம் நாந்து. 2012இல் அந்நகரம் ஆற்றங்கரையில் அமைத்த நினைவிடத்தில் கப்பல்களின் பெயர்கள் கண்ணாடிப் பாளங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. துறைமுகத்து மகாகனி அலமாரியைக் காட்சிக்கு வைப்பவர்கள் அந்தப் பெயர்களையும் பக்கத்தில் வைப்பதே நியாயம். நம்மவருக்கும் இந்தச் சரித்திரத்தின் ஓரத்தில் ஓர் இடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சு கும்பினியார் மொரீஷியஸிலும் ரியூனியனிலும் குடியேற்றங்களை வளர்த்தபோது, புதுச்சேரியிலிருந்து தச்சரையும் கொத்தரையும் கூட்டிப்போனார்கள். அவர்களுடைய பெயர்களும் சாமான்களின்மேல் இல்லை.

பெயர் இல்லாமற் போனதற்குச் சட்டரீதியான காரணமும் இருக்கிறது. பாரிஸ் தச்சர் சங்கம் 1743இல் வகுத்த விதிப்படி ஒவ்வொரு தச்சரும் தம் பெயர் முத்திரையை வேலைப்பாட்டின்மேல் குத்த வேண்டும். சங்கத்தின் பரிசோதகர்கள் பார்த்துத் தங்கள் முத்திரையையும் சேர்ப்பார்கள். புரட்சி 1791இல் சங்கங்களைக் கலைக்கும் வரை நீடித்த இந்த ஏற்பாடு தலைநகரத்தோடு சரி. வெளியூரில், கிரனோபிளின் ஹாஷ் குடும்பத்தாரைப் போல் தாமே விரும்பிப் பெயரிட்ட சிலர் நீங்கலாக, தச்சர் எவரும் கையொப்பமிடவில்லை. இன்றைய சந்தை முத்திரைக்கே விலை கொடுக்கிறது. அதனால் அரண்மனைச் சாமானுக்குக் கோடி, கிராமத்துச் சாமானுக்குச் சில ஆயிரம் என்றாகிவிட்டது. முத்திரைக்கு விலை என்றால் முத்திரையைப் போலியாகச் செய்ய ஆள் வராமல் இருப்பானா? 18ஆம் நூற்றாண்டு நாற்காலிகள் என்று நம்பி வெர்சாய் அரண்மனையே வாங்கியவற்றில் சில நவீன காலத்துப் போலிகள் என்பது 2016இல் வெளியாயிற்று. அந்த வழக்கில் துறையின் பிரசித்தி பெற்ற நிபுணர் ஒருவருக்கு 2025இல் தண்டனை விதிக்கப்பட்டது. பெயருக்கே விலை ஏறும் இதே நாடகம் நம் தேசத்திலும் நடந்தது. சண்டிகர் அலுவலகங்களுக்காக 1950களில் உள்ளூர்த் தச்சர்கள் தேக்கில் செய்த நாற்காலிகள், பழையன என்று கொல்லைப்புறத்தில் குவிந்து கிடந்தவரை யாரும் சீந்தவில்லை. பியேர் ழான்ரே என்ற வடிவமைப்பாளரின் பெயர் ஒட்டிக்கொண்டதும் பாரிஸ் ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை போயின.

பழைய அலமாரிக்குக் கெட்டகாலம் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில். கதவில் நிலைக்கண்ணாடி பதித்த மலிவான அலமாரி நகரத்து நடுத்தரக் குடும்பங்களில் பரவியபின் ஓக் அலமாரி பட்டிக்காட்டுச் சரக்காயிற்று. 1925இல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் கட்டடக் கலைஞர் ல கொர்பூசியே தம் காட்சிக்கூடத்தில் அலமாரியையே ஒழித்துவிட்டு, ஒரே அளவான அறைப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினார். பிற்கால அடுக்குமாடி வீடுகள் சுவரோடு சேர்ந்த அலமாரியோடு அவர் வழியிலேயே போயின. இக்காலத்து வீட்டின் தாழ்ந்த விதானத்துக்குக் கீழே நார்மண்டி அலமாரி நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஆகவே தலைக்கட்டை அறுத்தார்கள், காலை வெட்டினார்கள், கதவை மட்டும் கழற்றிச் சுவரில் மாட்டினார்கள், அமெரிக்காவில் முதுகுப் பலகையில் ஓட்டை போட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை உள்ளே வைத்தார்கள். ஓர் அலமாரியின் கதவையும் இன்னொன்றின் சட்டத்தையும் சேர்த்துப் பழையது என்று விற்கும் வியாபாரமும் நடக்கிறது.

இந்தச் சாமான்களின் மதிப்பைக் காலத்தோடு உணர்ந்தவர்களில் ஒருவர் கவிஞர் மிஸ்திரால். புரொவான்ஸ் நாட்டுக் குடியானவர் வீட்டு அலமாரியையும் மாப்பெட்டியையும் தொட்டிலையும் சேகரித்து 1899இல் ஆர்ல் நகரில் அவர் ஓர் அருங்காட்சியகம் திறந்தார். 1904இல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்தப் பணத்தை அதன் விஸ்தரிப்புக்கே செலவிட்டார். பாரிஸில் நாட்டுப்புறக் கலைக்கென்று இருந்த தேசிய அருங்காட்சியகமோ 2005இல் மூடப்பட்டு, அதன் பொருள்கள் மார்செய் நகருக்குப் பெயர்க்கப்பட்டன. ஆர்ல் மட்டும் நிற்கிறது. பல வருஷம் புதுப்பித்து 2021இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள்.

பிரான்ஸுக்குப் போகும் நம்மவர் லூவ்ரில் பூலின் அலமாரியைப் பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதான். போர்தோவுக்கோ ஆர்லுக்கோ நார்மண்டியின் கான் நகரத்துக்கோ போகிறவர்கள் அங்கே நிற்கும் பெயரில்லாத அலமாரிகளுக்கும் அதே அவகாசத்தைக் கொடுக்கட்டும். பழையது வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள், விதானம் தாழ்ந்திருந்தால் அறுக்காதீர்கள், மர ஆணிகளைக் கழற்றிக் கட்டி வையுங்கள் என்பதே. மீண்டும் பூட்டுவதற்காகவே செய்யப்பட்ட சாமான் அது. அருங்காட்சியகங்களுக்கும் ஏலக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை: எந்த ஊர், என்ன மரம், ஏறக்குறைய எந்த வருஷம் என்று மூன்றையும் அட்டையில் எழுதுங்கள், தச்சரின் பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். லூயியின் பெயர் அங்கே வேண்டியதில்லை.